தினமும் 1,500 கலோரிதான் எழுதுகிறேன், ஏழு வாரமாக எடை அசையவில்லை. எங்கே தப்பு?

மலைக்கோட்டை88
வணக்கம். வயது 36, உயரம் 172 செ.மீ., உட்கார்ந்தே பார்க்கிற வேலை. 88.4 கிலோவில் ஆரம்பித்தேன், இன்று காலை 88.1. நடுவில் ஏழு வாரம் ஓடிவிட்டது. சாப்பிடுவதை எல்லாம் போனில் ஒரு செயலியில் எழுதுகிறேன், ஒரு நாள் கூட விட்டதில்லை. நேற்று எழுதியது இது: காலையில் 3 தோசை, சாம்பார், சட்னி, காபி. பதினொரு மணிக்கு ஒரு காபி. மதியம் சாதம் 2 கப், சாம்பார், பீன்ஸ் பொரியல், தயிர். சாயங்காலம் காபி, ஒரு கைப்பிடி கடலை. ராத்திரி 3 சப்பாத்தி, குருமா. கூட்டினால் 1,480. தைராய்டு பார்த்தாச்சு, நார்மல். வீட்டில் அம்மா சமையல், நான் சாப்பிடுவதும் எழுதுவதும் மட்டும்தான். எனக்கு உடம்பே அப்படியா, இல்லை கணக்கில் ஏதாவது ஓட்டையா?

எண்கணக்கு
உடம்பு அப்படி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி. ஒன்று, "கப்" என்றால் எந்தக் கப்? இரண்டு, காபிக்கு எந்தப் பதிவைத் தொட்டீர்கள், அதில் எத்தனை கலோரி காட்டுகிறது? மூன்று, தோசைக்கு எண்ணெய் யார் ஊற்றுகிறார்கள், எதால் ஊற்றுகிறார்கள்?

மலைக்கோட்டை88
கப் என்றால் எங்கள் வீட்டு எவர்சில்வர் கிண்ணம் சார். காபிக்கு இப்போதுதான் போய்ப் பார்த்தேன், 2 என்று போட்டிருக்கிறது. எண்ணெய் அம்மா ஊற்றுவார்கள், அந்தச் சின்ன தூக்கில் இருந்து நேராக.

எண்கணக்கு
2 கலோரி காபி என்பது பாலும் சர்க்கரையும் இல்லாத கருப்புக் காபி. நீங்கள் குடிப்பது டிகாக்‌ஷனில் பாலை ஊற்றி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டம்ளர் காபி. ஆவின் பச்சை பாக்கெட் என்றால் கொழுப்பு 4.5 சதவீதம். 120 மில்லி பாலுக்கு ஏறக்குறைய 88 கலோரி, சர்க்கரை 10 கிராமுக்கு 40. ஆக ஒரு டம்ளர் 128. மூன்று டம்ளருக்கு 384, நீங்கள் எழுதியது 6. ஏழு வாரமாக.

சிரிக்கவில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. நாளுக்கு 1,200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறோம், இருந்தும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை வைத்துச் செய்தது. உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்பதை ஐசோடோப் கலந்த தண்ணீர் கொடுத்து அளந்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னவர்கள் இல்லை அவர்கள். நம் ஆளும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பாதி_தோசை
தம்பி, முதலில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். 5 கிலோ வரை, ஒரு கிராம் கணக்காகக் காட்டுவது போதும். வாங்கியதும் சரிதானா என்று பாருங்கள். பித்தளை நிற விளிம்பு வைத்த பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.7 கிராம், பத்து நாணயம் வைத்தால் 77 காட்ட வேண்டும். பெரிய எடைக்கு, ஒரு பாத்திரத்தை வைத்துச் சைபர் ஆக்கிவிட்டு அளவு ஜாரில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஒரு கிலோ.

நான் மூன்று வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்றவள். 14 கிலோ குறைத்தேன், இப்போது 2 திரும்பி வந்திருக்கிறது, அது வேறு கதை. எனக்கு உதவிய ஒரே வித்தை சொல்கிறேன். எண்ணெயைத் தட்டில் ஊற்றி நிறுக்காதீர்கள், எண்ணெய்த் தூக்கையே தராசில் வையுங்கள். சைபர் ஆக்குங்கள். எடுத்துத் தோசைக்கு ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். மைனஸ் 7 என்று காட்டும். அதுதான் நீங்கள் சாப்பிட்ட எண்ணெய், 63 கலோரி. நெய் டப்பா, வேர்க்கடலை வெண்ணெய், தேன், ஊறுகாய் எல்லாவற்றுக்கும் இதே முறை. பாத்திரம் அழுக்காகாது, ஸ்பூனில் ஒட்டிய மிச்சத்துக்குக் கவலை இல்லை. சொட்டுச் சொட்டாக ஊற்றினால் மலிவுத் தராசுகள் அதைக் கவனிக்காமல் சைபரிலேயே நிற்கும், அந்தத் தொல்லையும் இதில் கிடையாது.

கரண்டிக்காரன்
நான் கல்யாண சமையல் செய்கிறவன், கும்பகோணம் பக்கம். டயட் எல்லாம் தெரியாது, அளவு தெரியும். வீட்டுச் சமையலில் நீங்கள் தட்டில் விழுந்ததை நிறுத்தால் என்ன பிரயோஜனம், அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதே. பாத்திரத்தில் இருந்து வர வேண்டும்.

மாவை எடுங்கள். 800 கிராம் இட்லி அரிசி, 200 உளுந்து. ரெண்டும் சேர்ந்து சுமார் 3,500 கலோரி என்று வையுங்கள், இங்கே படித்தவர்கள் திருத்தட்டும். ஆட்டி முடித்து மொத்த மாவு 2,400 கிராம் வந்தால் ஒரு கிராம் மாவு ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. ஒரு கரண்டி மாவு எத்தனை கிராம்? அதைத்தான் நிறுக்க வேண்டும். புளித்துப் பொங்கிய மாவில் கரண்டிக் கணக்கு செல்லாது. காற்று ஏறியிருக்கும், ராத்திரி எடுத்த கரண்டியும் காலையில் எடுத்த கரண்டியும் ஒரே எடை இருக்காது. எடைதான் பொய் சொல்லாது.

காலிப் பாத்திரத்தின் எடையை ஒருமுறை நிறுத்து, அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். குக்கர் இவ்வளவு, குண்டான் இவ்வளவு, வாணலி இவ்வளவு. சமையல் முடிந்ததும் அப்படியே தூக்கி வைத்துக் கழித்துக்கொள்ளலாம். சூடான குண்டானை நேராகத் தராசில் வைக்காதீர்கள், கீழே ஒரு மரப்பலகை போட்டுச் சைபர் ஆக்கிக்கொள்ளுங்கள்.

எண்கணக்கு
அண்ணன் கணக்கு சரியாகவே இருக்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன, செயலியில் யாரோ போட்ட பதிவுகளை நம்புவதை விட அது எவ்வளவோ மேல். ஒரு கண்ணி மட்டும் உண்டு. அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும். பச்சரிசி 1,491 என்று பார்த்து மயங்கி விழாதீர்கள், 4.184-ஆல் வகுத்தால் 356.

இன்னொன்று, பச்சை எடையா வெந்த எடையா என்பதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். அரிசி 100 கிராம் 350 சொச்சம். அதே அரிசி வெந்து 270 கிராம் சாதமானால் 100 கிராம் சாதத்துக்கு 130. சாதத்தை நிறுத்து அரிசிப் பதிவில் போட்டால் மூன்று மடங்கு சாப்பிட்டதாகக் காட்டும், அரிசியை நிறுத்துச் சாதத்தில் போட்டால் மூன்றில் ஒன்று. கோழி எதிர்ப்பக்கம், வேகும்போது தண்ணீர் விட்டு கால் பங்கு வரை எடை குறையும்.

மலைக்கோட்டை88
தராசு வந்துவிட்டது. ரெண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் நிறுத்தேன். முடிவு:

"2 கப்" சாதம் 470 கிராம். 611 கலோரி, எழுதியது 400. அம்மா கிண்ணத்தில் அழுத்தி வைக்கிறார்கள்.

தோசை மாவு ஒன்றுக்கு 95 கிராம், எண்ணெய் 7. ஒரு தோசை 200. எழுதியது 120. மூன்றுக்கு 240 வித்தியாசம்.

காபி சொல்லவே வேண்டாம்.

கூட்டிப் பார்த்தால் 1,480 என்று எழுதிய நாள் நிஜத்தில் 2,300 பக்கம். இதில் பொரியல் தேங்காயையும் கடலையையும் இன்னும் தொடவில்லை. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் ஏழு வாரம் போன கடுப்பு.

ஆனால் மூன்றாம் நாள் அம்மா பார்த்துவிட்டார்கள். தட்டைத் தராசில் வைத்ததும், "என் வீட்டில் சோற்றை அளந்து போடுற நிலைமை வந்துடுச்சா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அன்று ராத்திரி சப்பாத்தியை மனைவிதான் போட்டாள்.

கடைசிப்பந்தி
உங்கள் அம்மாவை எனக்குப் புரிகிறது. நம் ஊரில் ஒருத்தியைப் பற்றி "அளந்து போடுறவ" என்று சொன்னால் அதற்கு மேல் வசவு வேண்டாம். நீங்கள் நிறுத்தது சோற்றைத்தான், அவர்கள் காதில் விழுந்தது வேறு. தட்டை விட்டுவிடுங்கள். அம்மா சாதம் வடித்ததும் குண்டானை நிறுங்கள், எல்லோரும் சாப்பிட்ட பிறகு உங்கள் பங்கு எது என்பதற்குத் தட்டில் போடும் கரண்டியை ஒரே ஒருமுறை நிறுத்து வைத்துக்கொண்டால் போதும். எங்கள் வீட்டுச் சாதக் கரண்டி தட்டையாக எடுத்தால் 85 கிராம், குவித்தால் 120. இனி தட்டைக் கரண்டி மூன்று என்று கேட்டு வாங்குங்கள். கேட்டு வாங்குவதில் யாருக்கும் கோபம் வராது.

எனக்கும் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். நான் என் தட்டில் இருப்பதை எல்லாம் ஒழுங்காக எழுதினேன், ஆறு மாதம். எழுதாதது எது தெரியுமா. பெரியவன் வைத்த அரை இட்லி, சின்னவள் கடித்து வைத்த சப்பாத்தி, பாத்திரம் கழுவுவதற்கு முன்னால் வாணலி ஓரத்தில் ஒட்டிய உருளைக்கிழங்கு வறுவல், வடை சுடும்போது உப்பு பார்க்க ஒன்று, வெந்ததா பார்க்க ஒன்று. வீணாக்க மனசு வராது. ஒரு நாள் இவை எல்லாவற்றையும் வாயில் போடாமல் ஒரு டப்பாவில் போட்டு ராத்திரி நிறுத்துப் பார்த்தேன். 340 கிராம். அது ஒரு முழுச் சாப்பாடு. நான் தினமும் நாலு வேளை சாப்பிட்டுக்கொண்டு மூன்று வேளை எழுதியிருக்கிறேன்.

பாதி_தோசை
கடைசிப்பந்தி அக்கா, அந்த டப்பா வைத்தியம் பிரமாதம். நானும் செய்யப் போகிறேன்.

எண்ணெய் விஷயத்தில் ஒவ்வொரு தாளிப்பையும் நிறுக்க முடியாதவர்களுக்கு: பாக்கெட் பிரிக்கும்போது தேதி எழுதுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் நாலு பேர், மாதம் நாலரை லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 34 கிராம், 300 கலோரிக்கு மேல். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் கொடுத்த 2,000 கலோரித் தட்டிலேயே எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம்தான். தினமும் என் பெயரில் அந்த 300-ஐக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன், அப்புறம் சாம்பாரில் எவ்வளவு பொரியலில் எவ்வளவு என்று யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை. பொரித்துவிட்டு மிச்ச எண்ணெயைக் கொட்டுகிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வடலி
நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில், ஸ்கார்பரோ. எங்கட வீட்டில் ஓட்டை தேங்காய்ப்பூவில்தான் (துருவின தேங்காய்) இருந்தது. புட்டுக்கு மாவை மட்டும் நிறுத்து எழுதினேன், தேங்காய்ப்பூவைக் கண்ணளவாகப் போட்டேன். 100 கிராம் தேங்காய்ப்பூ 350 கலோரி, கிட்டத்தட்ட மாவின் அளவேதான். பிறகு சொதி, அது தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பு. ஒரு புட்டுச் சாப்பாட்டில் தேங்காய் மூன்று உருவத்தில் வருகிறது, சம்பலையும் சேர்த்தால். இங்கே டின் தேங்காய்ப்பாலில் "ஒரு பரிமாறல்" என்று சின்ன அளவுக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள், டின் முழுவதையும் ஊற்றிவிட்டு ஒரு பரிமாறலை எழுதுகிற ஆள் நான். லேபிளில் முதலில் கிராமைப் பாருங்கோ, பிறகு கலோரியைப் பாருங்கோ.

எண்கணக்கு
வடலி சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. எல்லாவற்றையும் நிறுக்கப் போனால் பத்து நாளில் தராசு பரணுக்குப் போய்விடும். என் வீட்டு சாம்பாரை ஒருமுறை முழுதாகக் கணக்குப் போட்டேன். துவரம்பருப்பு 200 கிராம், காய் அரைக்கிலோ, எண்ணெய் 20 கிராம், மொத்தம் ஆயிரம் கலோரி. குண்டானில் இறங்கியது இரண்டரைக் கிலோ. ஒரு கரண்டி 150 கிராம் என்றால் 60 கலோரி. அதில் நான் 50 கிராம் தப்பாக மதிப்பிட்டாலும் போவது 20 கலோரி. அதே 50 கிராம் தப்பை வேர்க்கடலையில் செய்தால் 280, எண்ணெயில் செய்தால் 450. ரசம், மோர், கீரை, சுரைக்காய்க் கூட்டு எல்லாம் கண்ணளவு போதும். எண்ணெய், நெய், தேங்காய், கடலை வகை, மிக்சர் முறுக்கு, சர்க்கரை, பால், அப்புறம் சாதமும் மாவும், இவற்றை மட்டும் நிறுங்கள். ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் வெள்ளரிக்காயை கிராம் கணக்காக நிறுத்துவிட்டு நெய்யை "கொஞ்சம்" என்று எழுதுகிறார்கள், எனக்கு அதுதான் புரிவதே இல்லை.

பாலும் அப்படித்தான். ஆரஞ்சு பாக்கெட் 6 சதவீதம் கொழுப்பு, நீலம் 3. அரை லிட்டருக்கு 15 கிராம் கொழுப்பு வித்தியாசம், 135 கலோரி.

நிழல்
எதிர்க்கருத்து ஒன்று, அடிக்க வராதீர்கள். நான் 14 மாதம் ஒரு பருக்கை விடாமல் நிறுத்தவன். எடை குறைந்தது, உண்மை. ஆனால் ஒன்பதாம் மாதத்துக்கு மேல் வெளியில் சாப்பிடவே முடியவில்லை, எழுத முடியாதே என்று. சொந்தத் தங்கை கல்யாணத்தில் இலையில் உட்காராமல் போட்டோ எடுக்கிறேன் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். பாயசத்தை எந்தப் பதிவில் போடுவது என்ற யோசனையில் முகூர்த்தமே எனக்கு நினைவில்லை. டாக்டரிடம் போய், பேசி, தராசை ஒரு வருடம் அண்ணன் வீட்டில் கொடுத்துவைத்தேன். நிறுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. எழுதாத நாள் பயமாக இருந்தால், ஒளித்து நிறுக்க ஆரம்பித்தால், நிறுப்பதை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். முன்பே சாப்பாட்டோடு சண்டை இருந்தவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை வெட்ட வேண்டாம், சர்க்கரை தாழ்ந்துவிடும்.

பாதி_தோசை
அடிக்க வரவில்லை, நிழல். நான் மூன்று வாரம் நிறுத்தேன், கண் பழகியதும் விட்டுவிட்டேன். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் மட்டும், கண்ணுக்குச் சர்வீஸ் விடுகிற மாதிரி. கண் தானாகவே தாராளமாகிவிடுகிறது என்பதுதான் என் அனுபவம். அந்த 2 கிலோ அப்படி வந்ததுதான்.

மலைக்கோட்டை88
பத்து நாள் ஆச்சு. 88.1-இல் இருந்து 87.3 வந்து, நேற்று முன்தினம் ஒரு கல்யாணம், இன்று காலை 88.9. இரண்டே நாளில் ஒன்றரைக் கிலோ! இலையில் சாப்பிட்டதை எப்படியும் எழுத முடியவில்லை. விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

எண்கணக்கு
ஒரு கிலோ கொழுப்பு சேர வழக்கில் சொல்லும் கணக்கு 7,700 கலோரி. ஒன்றரைக் கிலோவுக்கு 11,000-க்கு மேல். பந்தியில் மூன்று தடவை உட்கார்ந்தாலும் ஆகாது. உப்பு பிடித்துவைத்த தண்ணீர், சாதமும் இனிப்பும் உடம்பில் கிளைகோஜனாக (உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து) சேரும்போது ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கூட வைத்துக்கொள்ளும், அது போக இன்னும் வயிற்றில் இருப்பது. நாலைந்து நாளில் வடிந்துவிடும். தினசரி எண்ணைப் பார்க்காமல் வாரச் சராசரியைப் பாருங்கள்.

கரண்டிக்காரன்
கல்யாணச் சாப்பாட்டை எழுத வேண்டாம் தம்பி. எழுதினாலும் அது பொய்க்கணக்கு. வறுவலுக்கு நான் எவ்வளவு எண்ணெய் ஊற்றினேன் என்று எனக்கே சில நாள் தெரியாது. அந்த நாளுக்குக் கோடு போட்டுவிட்டு அடுத்த நாளுக்குப் போங்கள். கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாமல் போகிறவனைப் பார்த்தால்தான் சமையல்காரனுக்கு வயிறு எரியும்.

மலைக்கோட்டை88
கடைசியாக ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போகிறேன். ஐந்து வாரம் ஆகிறது. வாரச் சராசரி 86.4. காபி மூன்றில் இருந்து இரண்டு, சர்க்கரை ஒரு ஸ்பூன், பால் நீலத்துக்கு மாறியாச்சு (அப்பா இன்னும் திட்டுகிறார்). சாதம் தட்டைக் கரண்டி மூன்று. தோசை இரண்டு, எண்ணெய் தூக்கில் இருந்து இல்லை, ஸ்பூனில். வேறு எதையும் மாற்றவில்லை, அதே அம்மா சமையல்தான்.

தராசு இப்போது என்னிடம் இல்லை. போன வாரம் அதிரசத்துக்கு அரிசி மாவும் வெல்லமும் நிறுக்க அம்மா எடுத்துப் போனார்கள். பாகு பதம் தப்பவில்லையாம், "இத்தனை நாள் இதை ஏன்டா ஒளிச்சு வச்சிருந்த" என்று கேட்கிறார்கள். அதிரசம் ஒன்று 46 கிராம். எழுதிவிட்டேன்.

புதுவரவு_மதுரை
இழை முழுவதும் படித்தேன், ரொம்ப உபயோகம். ஒரே ஒரு சந்தேகம். மாம்பழத்தைக் கொட்டையோடு நிறுப்பதா, கொட்டை இல்லாமலா? கொட்டையைச் சப்பிச் சாப்பிடுகிற ஆள் நான்.

பாதி_தோசை
முழுப் பழத்தை நிறுங்கள். சாப்பிட்டு முடித்துத் தோலையும் சப்பிய கொட்டையையும் திரும்பத் தராசில் வைத்துக் கழியுங்கள். எண்ணெய்த் தூக்குக் கணக்குதான். கொட்டையைச் சப்பிய பிறகு தராசைத் துடைத்துவிடுங்கள், எறும்பு வரும்.